சத்தம் போடற இடம்

எங்கீங்ணா எந்திரிக்கறீங்க? உக்காருங்க. கீழ எறங்கி என்ன பண்ணப் போறீங்க, மழை தூறிட்டுக் கெடக்குது. டிரைவரே இஞ்சினை நிறுத்திப்போட்டு பீடியைப் பத்த வச்சுட்டாரு பாருங்க. மேல கொண்டை ஊசி வளைவுல கேரட் லாரி சாஞ்சிருச்சாம். ரோடு பூராவும் கேரட்டாம். நம்ம பஸ்சுல பாதிப் பேரு பையைத் தூக்கிட்டு பொறுக்கப் போயாச்சு. நீங்க கேரட்டுக்கா போறீங்க? இல்லீல்ல? அப்பறமென்ன, உக்காருங்க. போறதுன்னாலும் என்ற காலைத் தாண்டித்தான் போகோணும். இந்த மூட்டை வேற குறுக்க இருக்குது.

மூட்டையிலீங்களா? பனியனுங்க. திருப்பூர்ல சொல்லி அடிச்சது. இதா, நான் போட்டிருக்கறனே, இதே மாதிரிதான். முன்னால 'வேண்டாம்'னு எழுதியிருக்குது பாருங்க. பின்னால ஒரு கயிறு, அதுல ஒரு சட்டை தொங்குது. சிரிக்கறீங்க. எல்லாரும் மொதல்ல சிரிப்பாங்க. அர்த்தம் தெரிஞ்சா சிரிக்க மாட்டாங்க.

ஈரத்துணின்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? துணி இல்லீங்ணா, பாட்டுக் கோஷ்டி. சினிமாவுக்கெல்லாம் பாட மாட்டாங்க. அவங்களே எழுதி, அவங்களே மெட்டுப் போட்டு, அவங்களே பாடுவாங்க. நம்ம கோயமுத்தூர்ப் பசங்கதான். கிட்டார் வாசிச்சுட்டுப் பாடறது நித்திலன் தம்பி. டிரம்ஸ் அடிக்கறது ஷெரின்னு ஒரு பொண்ணு, கணக்கு வழக்கு, புரோகிராம் எல்லாம் அந்தப் பொண்ணுதான் பாத்துக்கும். இன்னும் ரெண்டு பேரு உண்டு, அவங்க பேசவே மாட்டாங்க. நான் அவங்க ரசிகர் மன்றத் தலைவருங்க. மன்றம்னா சினிமா நடிகருக்குப் பாலூத்தற மன்றம் இல்லீங்க. நாங்க மரியாதையானவங்க. பேரு கொடிக்கயிறு. ஈரத்துணி கொடியிலதானுங்களே காயோணும்? நான் வச்ச பேருதான். வாட்ஸப்புல மட்டும் முந்நூறு பேருக்கு மேல இருக்கறம்.

இன்னிக்குக் குன்னூர்ல மூணு மணிக்கு அவங்க புரோகிராமுங்க. எஸ்டேட் பங்களா ஒண்ணுல, சின்னக் கூட்டத்துக்கு, மைக்கு கூட இல்லாம பாடறாங்களாம். இப்ப மணி என்னாச்சு? அட விடுங்க, பாக்க வேண்டாம். நான் போகாம அது நடக்கக் கூடாதுங்க. பெருமைக்குச் சொல்லலை. நான் இல்லீன்னா அங்க ஆரம்பிச்சு வைக்க ஆளே இல்லை.

இத்தனைக்கும் இந்தப் புரோகிராமை அவங்க ஃபேஸ்புக் பக்கத்துல போடவே இல்லீங்க. எங்க குரூப்புல ஒருத்தருக்கும் தெரியாது. குன்னூர்ல பேக்கரி வச்சிருக்கற ஒருத்தரு நெட்டுல போட்ட படத்துல ஓரமா நோட்டீஸ் தெரிஞ்சுது, அதைப் பெருசு பண்ணிப் பாத்துத்தான் கண்டுபிடிச்சன். 'அமைதியாகக் கேட்பவர்களுக்கு மட்டும்'னு கீழ போட்டிருந்தாங்க. புதுசா வர்றவங்களுக்காகச் சொல்றாங்க பாவம், அவங்களுக்கு எங்க பழக்கம் தெரியாதில்ல. உடனே டிக்கெட்டுக்குப் பதிஞ்சன். என்ற நெம்பருக்குப் போகவே மாட்டேங்குது. எங்க குரூப்புல எல்லாரும் போட்டுப் பாத்தாங்க, ஒருத்தருக்கும் போகலை. கம்ப்யூட்டர்ல என்னமோ கோளாறு. அப்பறம் என்ற மச்சினன் நெம்பர்ல போட்டன், பட்டுனு கெடைச்சிருச்சு! அவனுக்குப் பாட்டுன்னா என்னன்னே தெரியாது. அவன் பேர்ல நான் போறனுங்க. அங்க வாசல்ல என்னைப் பாத்ததும் ஷெரின் மூஞ்சி எப்படி ஆகுதுன்னு பாக்கோணும். இன்ப அதிர்ச்சி.

தண்ணி குடிக்கறீங்களா? வேண்டாமா. சரி.

அந்தப் பாட்டைச் சொல்லாம இது ஒண்ணும் வெளங்காதுங்க. 'சின்ன விளக்கு'ன்னு பாட்டு. அதுதான் அவங்களைத் தூக்கி விட்டது. பாடட்டுங்களா? எனக்குக் குரல் இல்லை, சும்மா சொல்றன்.

கதவு சாத்தியாச்சு, கொசுவத்தி வச்சாச்சு,
தண்ணிச் செம்பு தலைமாட்டுல இருக்கு,
இன்னும் ஒண்ணுதான் பாக்கி, சொல்லு,
விளக்கை அணைக்கட்டுமா?

அவ்வளவுதானுங்க. இதையே திருப்பித் திருப்பி, மெல்ல, ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் மெல்லப் பாடுவாரு. கடைசித் தடவை 'விளக்கை அணைக்கட்டுமா'ன்னு கேட்டுட்டு நிறுத்திருவாரு. கிட்டார் நின்னுரும், டிரம்ஸ் நின்னுரும். நாலு தாளத்துக்கு ஒண்ணுமே இருக்காது. அதுதானுங்க இடம். சத்தம் போடற இடம். அங்கதான் நாங்க மொத்தப் பேரும் 'வேண்டாம்!'னு கத்துவம். அப்பறம் மூணு கைதட்டு, மறுபடி 'வேண்டாம்!', மூணு கைதட்டு, 'வேண்டாம்!'. கூரை பிச்சுக்கும். நித்திலன் தம்பி அப்படியே சிரிச்சுட்டு மைக்கை எங்க பக்கம் நீட்டிட்டு நிப்பாரு. பாட்டு அதோட முடிஞ்சுது. அதுக்கு மேல அவரு ஒண்ணும் பாட வேண்டியதே இல்லை, எல்லாம் நாங்க பாத்துக்குவம்.

இதை ஆரம்பிச்சது யாருன்னு கேளுங்க. கேளுங்ணா, சும்மா.

நானுங்க.

நான் காந்திபுரத்துல கிரைண்டர் கடையில இருக்கறன். விக்கறதும் நான்தான், ரிப்பேருக்குப் போறதும் நான்தான். பேரு பூபதி. ஆர்.எஸ்.புரத்துல ஒரு காபிக் கடையில தோசை மாவு ஆட்டற கிரைண்டர் நின்னு போச்சுன்னு கூப்புட்டாங்க. சாயங்காலம் போயி சமையக்கட்டுல குத்த வச்சுட்டு பெல்ட்டு மாத்திட்டு இருந்தன். வெளிய இந்தப் பசங்க பாடிட்டு இருந்தாங்க. அதுதான் அவங்களுக்கு மொத புரோகிராமே. கேக்க வந்தவங்களை விட மேசைங்க ஜாஸ்தி. நான் கையில ஸ்பேனரோட வந்து கதவுகிட்ட நின்னன். அந்தத் தம்பி கண்ணை மூடிட்டு, என்னைப் பாத்துக் கேக்கற மாதிரியே, 'விளக்கை அணைக்கட்டுமா'ன்னு கேட்டுட்டு நிறுத்தினாரு பாருங்க. என்ற வாயில இருந்து படக்குனு வந்திருச்சு. 'வேண்டாம்!'

எல்லாரும் சிரிச்சுட்டாங்க. கை தட்டினாங்க. யாரோ ஒருத்தரு விளையாட்டா மறுபடியும் 'வேண்டாம்'னாரு, இன்னொருத்தரும் சொன்னாரு. அதை அப்படியே போன்ல புடிச்சு ஒரு பொண்ணு நெட்டுல ஏத்தி விட்டுச்சு. ஒரு வாரத்துல ஊரே பாத்திருச்சு. அடுத்த புரோகிராமுல கூட்டம் எடங்கொள்ளலை, எல்லாரும் அந்த இடத்துக்குத்தான் காத்துட்டு இருந்தாங்க. மேடையில இருந்து ஷெரின் என்னைக் காட்டி, 'அந்த அண்ணன்தான்'னு சொல்லுச்சு. கிரைண்டர் கடைக்காரனைப் பாத்து நானூறு பேரு கை தட்டினாங்க. உங்களை யாராச்சும் அப்படிப் பாத்திருக்காங்களா? எனக்கு அதுக்கு முன்னாலயும் இல்லை, வேற எங்கயும் இல்லை. கடையில நான் 'ஏப்பா'. ஊட்டுல நான் 'ஏனுங்'. அங்க மட்டுந்தான் 'பூபதிண்ணா'.

இப்பக் குரூப்புல எங்களுக்கு வணக்கமே அதுதானுங்க. நான் காலையில என்ன போட்டாலும், நல்லநாள்னு போட்டாலும், யாருக்காச்சும் காய்ச்சல்னு போட்டாலும், முந்நூறு பேரும் 'வேண்டாம்! வேண்டாம்!'னு பதில் போடுவாங்க. பாசமுங்க.

என்ன, லாரி நகருதா? இல்லியா. கேரட்டோட வர்றாங்க பாருங்க, அந்தம்மா சேலை முந்தானையில கட்டிட்டு வருது. இருக்கட்டும்.

அவரு பெரிய மனசுக்காரருங்க, நித்திலன் தம்பி. ஒருநாள் என்னைத் தேடிக் கடைக்கே வந்துட்டாரு. ஆமாங்க, என்ற கடைக்கு. ஸ்டூலைத் துடைச்சுப் போட்டு டீ வாங்கிக் குடுத்தன். அப்பறம் சொன்னாரு, "பூபதிண்ணா, அந்த இடம் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்குதுங்ணா. உங்களால ஏதாச்சும் பண்ண முடியுமா?" எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. எங்கிட்ட வந்து உதவி கேக்கறாரு! நான் சொன்னன், "தம்பி, நீங்க வெசனப்படாம போங்க, நான் பாத்துக்கறன்." எந்திரிச்சு என்ற கையைப் புடிச்சுட்டாருங்க. கண்ணெல்லாம் கலங்கிருச்சு அவருக்கு.

அவரு சொன்னதும் நாயந்தானுங்க. ராத்திரி பூராவும் பாடிட்டு, அந்தக் கடைசி இடத்துல தொண்டை நிக்குமா? அந்தப் பாரத்தை நாங்கதானே ஏத்துக்கோணும்? அது வரைக்கும் எங்க சத்தம் முன்ன பின்ன செதறி வந்துட்டு இருந்துச்சு. அடுத்த ஞாயித்துக்கெழமையே எல்லாரையும் வ.உ.சி. மைதானத்துக்கு வரச் சொல்லிட்டன். விசில் ஊதி ஊதிப் பழக்கினன். மூணு தட்டு, ஒரு சத்தம். மூணு தட்டு, ஒரு சத்தம். ஒருத்தன் முந்தினா மறுபடி மொதல்ல இருந்து. வாக்கிங் வந்தவங்க பூரா நின்னு வேடிக்கை பாத்தாங்க. அதுக்கப்பறம் வந்த புரோகிராமுல ஒரே சத்தம், ஒரே கைதட்டு, பட்டாளம் மாதிரி. நித்திலன் தம்பி அசந்து போயி அப்படியே மேடையில உக்காந்துட்டாரு. எந்திரிக்கவே இல்லை. ஷெரின்தான் வந்து கையைப் புடிச்சுத் தூக்குச்சு.

திருப்பூர்ல ஒரு காலேஜுல பாருங்க, மறந்தாப்பல அந்தப் பாட்டை விட்டுட்டாரு. விடுவமா நாங்க? 'விளக்கு! விளக்கு!'ன்னு ஒரே தட்டு. லைட்டெல்லாம் போட்டுட்டாங்க, நாங்க அசையலை. காலேஜுக்காரங்களே போயிக் கெஞ்சி மறுபடி கூட்டிட்டு வந்தாங்க. எங்களுக்கு முதுகைக் காட்டி நின்னுட்டுப் பாடினாரு. வெக்கம். அவ்வளவு அன்பை நேருக்கு நேரா தாங்க முடியுமா?

என்னங்ணா சொன்னீங்க? சத்தமா சொல்லுங்க. அவருக்குப் புடிக்கலையோவா? சே சே. உங்களுக்கு அவங்களைப் பத்தித் தெரியாது. புடிக்கலீன்னா சொல்ல மாட்டாரா? கடை வரைக்கும் வந்தவருக்கு வாய் இல்லியா? கலைஞருங்க அப்படித்தான் இருப்பாங்க, கொஞ்சம் ஒரு மாதிரியா. நாமதான் அனுசரிச்சுப் போகோணும்.

ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு மனத்தாங்கல். இத்தனை பாட்டு ஸ்டூடியோவுல பதிஞ்சு போட்டாங்க, அந்தப் பாட்டை மட்டும் பதியவே இல்லை. நாங்க கத்தற வீடியோதான் இருக்குது, ஒழுங்கான பதிவு கெடையாது. கேட்டன். "அது இன்னும் முடியலைங்ணா"ன்னாரு. எத்தனை வருசமா முடியலை? கொஞ்சம் சோம்பேறித்தனமும் இருக்குதுங்க, ஒத்துக்கோணும்.

நீங்க கண்ணை மூடாதீங்க, இப்பத்தான் முக்கியமானதுக்கு வர்றன். இதை நான் குரூப்புல கூட யாருகிட்டயும் சொன்னதில்லை. உங்களை மறுபடி பாக்கப் போறதில்லைங்கறதுனால சொல்றன்.

அன்னிக்கு அந்தக் காபிக் கடையில என்ற வாயில அது ஏன் வந்துச்சு? கேட்டீங்களா நீங்க? யாருமே கேக்கலை. எங்கப்பாவுக்குப் பக்கவாதம் வந்து படுத்துட்டாருங்க. பேச்சு பூராவும் போயிருச்சு, ஒரே ஒரு வார்த்தை மட்டும் நின்னுச்சு. வேண்டாம். சோறு ஊட்டட்டுங்களாப்பா? வேண்டாம். திரும்பிப் படுத்துக்கறீங்களா? வேண்டாம். எது நெஜமாலுமே வேண்டாம், எது வேணும்னு மூஞ்சியைப் பாத்துத்தான் கண்டுபிடிக்கோணும். எனக்கு பெங்களூர்ல ஒரு நல்ல வேலை வந்துச்சு அப்ப. பம்ப்செட்டுக் கம்பெனி. "நான் போயிட்டு வரட்டுங்களாப்பா"ன்னு கேட்டன். வேண்டாம்னாரு. அதுல அவரு மூஞ்சியைப் பாத்தன். அது வேண்டாமேதான். என்ற கூடப் பொறந்த தம்பிக்காரன் ஓசூர்ல இருக்கான், அவனுக்கு லீவு கெடைக்காது. நான் இருந்துட்டன்.

ராத்திரி ஆச்சுன்னா எல்லாம் எடுத்து வச்சுட்டுக் கேப்பன், "லைட்டை நிறுத்தட்டுங்களாப்பா?" வேண்டாம். இருட்டுன்னா அவருக்குப் பயம். அப்படியே வெளிச்சத்துல படுத்துக் கெடப்பம் ரெண்டு பேரும். நான் தூங்கிட்டனான்னு அவரு பாப்பாரு, அவரு தூங்கிட்டாரான்னு நான் பாப்பன். காலையில கடைக்குப் போயி கிரைண்டர்ல தலையை முட்டிக்காத கொறைதான். அப்படிக் கெடந்தப்பத்தான் அந்தத் தம்பி வந்து பாட்டா அதைக் கேக்கறாரு. ஊட்டுல தெனமும் நடக்கறது மேடையில நடக்குது. எனக்கு எப்படி இருந்திருக்கும்? எங்கப்பா சொல்ற பதிலைத்தானுங்க நான் சொன்னன். அப்பறம் நானூறு பேரு அதையே எங்கூடச் சேந்து கத்தினப்போ, தெனமும் நான் ஒருத்தனே தனியாக் கேட்டுட்டு இருந்த வார்த்தை, கொஞ்சம் லேசாச்சு. அந்தப் பாட்டு இல்லீன்னா நான் என்னாயிருப்பன்னு தெரியலைங்க.

அப்பா போயிட்டாரு. வருசமாச்சு. லைட்டு மட்டும் இன்னும் எரிஞ்சுட்டுத்தான் இருக்குது அந்த ரூமுல. ஊட்டுக்காரி கத்தறா, கரண்டு பில்லு யாரு கட்டறதுன்னு. போவன், சுவிட்சு மேல கையை வைப்பன், வந்திருவன்.

இருங்க. இருங்க, போன் அடிக்குது. சிக்னல் வந்திருச்சு போல. குரூப்புதான்.

ஐயையோ. ஆரம்பிச்சுட்டாங்களாமா. அந்தப் பேக்கரிக்காரரு அங்க இருந்து போன்ல நேரடியாக் காட்டறாராம். பாட்டு 'சின்ன விளக்கு'தானுங்களாம். மொதப் பாட்டே அதுதானாம்! அதை எப்பவுமே கடைசியிலதானே பாடுவாங்க? நான் இங்க உக்காந்திருக்கறன், அங்க யாரு... இந்தாங்க, இயர்போன்ல இந்த ஒரு முனையைக் காதுல வச்சுக்குங்க. புடிங்ணா, ஒரு நிமிசம். எனக்குத் தனியாக் கேக்க முடியாது.

பாருங்க, எத்தனை பேரு, எல்லாரும் தரையில உக்காந்திருக்காங்க. என்ன இது, சம்பிரதாயமா ஒருத்தரு கூடக் கை தட்டலை. தம்பி இளைச்சுட்டாரு. கேளுங்க. இப்ப வரும். 'இன்னும் ஒண்ணுதான் பாக்கி, சொல்லு.' இப்ப, இப்ப. 'விளக்கை அணைக்கட்டுமா?'

ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலை பாருங்க. அட, ஒருத்தராச்சும்... நான் இங்க இருந்தே கத்தட்டுமா? எவ்வளவு நேரம் நிக்கறாரு பாவம். காத்துட்டு இருக்காரு பாருங்க.

இருங்க. பாடறாரு.

அணைச்சிடு கண்ணு, அணைச்சிடு,
காலையில உனக்கு வேலை இருக்கு,
எனக்கு இருட்டு பழகிப் போச்சு,
நீ போய்த் தூங்கு.

இது எங்களுக்குத் தெரியாதுங்க. இது... இது புதுசு. இப்ப எழுதினதா இருக்கும். இல்லீங்களா? ஷெரின் அழுகுது பாருங்க. அதுக்குத் தெரிஞ்சிருக்குது. அது உதட்டை அசைக்குது, கூடவே பாடுது.

போயிருச்சு. சிக்னல் போயிருச்சு.

கொஞ்சம் ஜன்னலைத் தொறங்களேன். பரவால்லை, மழை அடிச்சா அடிக்கட்டும்.

பாட்டுல அப்படிச் சொல்றது நித்திலன் தம்பியோட அம்மாவா இருக்கும்னு சொல்றீங்களா? இருக்கலாம். தம்பி ஊட்டுல யாருக்கோ முடியாம இருந்துச்சுன்னு அப்பவே ஷெரின் ஒருக்கா சொல்லுச்சு, நான் காதுல வாங்கலை. அவங்க அப்படிச் சொல்லியிருக்காங்க பாருங்க, படுத்துட்டு இருக்கறவங்க. காலையில உனக்கு வேலை இருக்குன்னு. நீ போய்த் தூங்குன்னு. குடுத்து வச்ச பையனுங்க. எனக்கு அப்படி யாரும் சொன்னதில்லை. எங்கப்பா ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி, அணைச்சிடு கண்ணுன்னு சொல்லியிருந்தாருன்னா நான் வேற ஆளா இருந்திருப்பன். அவரு மேல தப்பில்லை, அவருக்கு வார்த்தை இல்லை. தெரியும். தெரிஞ்சாலும் ஆற மாட்டேங்குதுங்ணா.

இல்லை, அழுகலை. சாரல்.

மறுபடி வந்திருச்சு சிக்னல். குரூப்புல எல்லாரும் பாத்திருக்காங்க. இதா, ஒருத்தன் போட்டிருக்கான்: 'அண்ணா, புது வரி செமையா இருக்கு, இனி நாமளே அணைச்சிடுன்னு கத்திரலாமா? மூணு தட்டு, ஒரு சத்தம்?' இன்னொருத்தன் அதுக்குப் பனியன் அடிக்கலாங்கறான். 'தலைவர் முடிவு சொல்லோணும்'னு எல்லாரும் காத்துட்டு இருக்காங்க.

இருங்க, அடிக்கறன். 'அந்த இடத்துல இனிமே யாரும் சத்தம் போடாதீங்க. தம்பிக்குத் தொண்டை சரியில்லை போலிருக்கு. கொஞ்ச நாளைக்கு சும்மா கேப்போம்.' சரிங்களா? தொண்டைதானுங்க, அவ்வளவு மெதுவாப் பாடறாரே. வேற என்ன. அனுப்பிட்டன்.

பஸ் எடுக்கறாரு. லாரி நகந்திருச்சு போல. நான் இங்கயே எறங்கிக்கலாமான்னு பாக்கறன், ஆனா இந்த மலையில எங்க எறங்கறது? திரும்பற பஸ்சும் மேல போயித்தான் திரும்பி வரோணும். போவம். போயி என்ன பண்ணப் போறன்னு தெரியலை, இந்த மூட்டையை வேற வச்சுட்டு.

கேக்குதுங்களா, போன் அடிச்சுட்டே இருக்குது? பதில் போடறாங்க. 'வேண்டாம்! வேண்டாம்!' இந்தா, இன்னொண்ணு. 'வேண்டாம்!' இன்னொண்ணு. நான் என்ன எழுதினன்னு படிச்சாங்களா இல்லையான்னே தெரியலை. முந்நூறு பேரும் போடாம ஓயாது. குன்னூர் வரைக்கும் அடிச்சுட்டேதான் இருக்கும்.

உங்களுக்குத் தொந்தரவா இருக்குதுங்களா? பாவம், நீங்க தூங்கற நேரம். சொல்லுங்ணா. அணைச்சு வச்சரட்டுங்களா?